நோரீனின் வேலியும் மூன்று கால் நாயும்

இங்கிலாந்தில் எங்கள் சின்ன ஊரான பிர்ட்வெல்லில் நோரீன் ஹார்கரைத் தெரியாதவர்கள் கிடையாது. ஊரில் பாதிப் பேரைத் தான் ஓட்டிய பதினேழாம் நம்பர் பஸ்ஸில் ஏற்றியிருக்கிறார், மீதிப் பேரை அதிலிருந்து இறக்கிவிட்டிருக்கிறார். ஆஸ்பத்திரியில் கிளம்பி, மூடிக்கிடக்கும் நூல் ஆலையைச் சுற்றி, பைபாஸ் வரை போய்த் திரும்பும் வண்டி. அந்த வண்டியில்தான் அவர் வாழ்க்கை திசை மாறியது என்று யாராவது சொன்னால் நோரீனுக்குக் கோபம் வரும். "பஸ்ஸு எங்கடா திசை மாறும்? ரூட்டு மாத்தினா வேலையே போயிடும்" என்பார்.

ஆனால் நடந்தது அதுதான். குளிர்காலத்தில் பள்ளிக்கூடம் விட்டதும் சில பிள்ளைகள் ஏறிக் கடைசி ஸீட்டில் உட்காருவார்கள். இறங்கவே மாட்டார்கள். ஆஸ்பத்திரி வரும், ஆலை வரும், பைபாஸ் வரும், மறுபடி ஆஸ்பத்திரி வரும். அந்த ஸீட்டுக்கு அடியில்தான் ஹீட்டர். நானும் அங்கே உட்கார்ந்திருக்கிறேன், அதனால் தெரியும்.

ஒருநாள் டிக்கெட் பரிசோதகர் ஏறினார். மூக்கால் பேசும் மனிதர்.

"இந்தப் பசங்க எங்க போறாங்க, மிஸஸ் ஹார்கர்?"

"எங்கயும் போகல. குளிர்காயுறாங்க."

"பஸ்ஸுங்கிறது ஒரு இடத்திலேருந்து இன்னொரு இடத்துக்குப் போறதுக்கு."

"அப்போ இவங்களுக்கு ஒரு இடம் காட்டுங்க ராசா, கொண்டுபோய் விடுறேன்."

பரிசோதகரிடம் இடம் இல்லை. நோரீனுக்கு ஓர் எச்சரிக்கைதான் வந்தது. ஆனால் அந்தக் கேள்வி அவர் மண்டைக்குள் சுற்றிக்கொண்டே இருந்திருக்கிறது. தேவாலயம் மூடியபோது அதன் பின்பக்க ஹாலின் சாவியைக் கேட்டு வாங்கினார். அதே வருடம் அவர் கணவர் டெரிக் ஒரு அம்பெறியும் டார்ட்ஸ் போட்டிக்காக வார இறுதிக்கு ப்ளாக்பூல் கடற்கரைக்குப் போனவர், இங்கேயே இருந்துவிடுகிறேன் என்று தபால் அட்டை போட்டார். நோரீன் அழுததாகச் சிலர் சொல்கிறார்கள். எங்களுக்குத் தெரிந்தது, டெரிக்கின் சாய்வு நாற்காலி மறுநாளே ஹாலுக்கு வந்துவிட்டது என்பதுதான். "ஒரு நாற்காலி மிச்சம்" என்று அதைத் தள்ளிக்கொண்டு வந்து போட்டார்.

இப்படித்தான் எங்கள் பிள்ளைகள் கிளப் தொடங்கியது. வளர்ந்த பிறகு நானும் அங்கேயே வேலைக்குச் சேர்ந்துவிட்டேன். பில்லியர்ட்ஸ் மேஜை ஒன்று, குதிக்கிற ட்ராம்போலின் ஒன்று, ஒழுகும் கூரை ஒன்று. எல்லாவற்றையும்விட முக்கியமானது சமையலறை. அங்கே பர்வீன் இருந்தார். பைபாஸ் பக்கத்துக் கிடங்கில் மதியம் இரண்டு மணிக்குத் தொடங்குகிற ஷிஃப்ட் போகிற அம்மா அப்பாக்கள் ராத்திரிதான் வீடு திரும்புவார்கள். அவர்கள் பிள்ளைகள் சாயங்காலம் எங்களிடம் வந்து சூடாகச் சாப்பிடுவார்கள். ஒருநாள் கீமாவின் மேல் மசித்த உருளைக்கிழங்கு, ஒருநாள் சாஸேஜும் பட்டாணியும், வெள்ளிக்கிழமை பர்வீனின் பருப்பு. கோடை விடுமுறையில் மதியமும் உண்டு. காசு கிடையாது, கேள்வியும் கிடையாது.

இதற்கெல்லாம் பணம் எங்கிருந்து வந்தது? முதலில் நகராட்சி கொடுத்தது. பிறகு நகராட்சி நிறுத்தியது. பிறகு கம்பெனிகள் வந்தன.

முதலில் வந்தது ஓர் இன்ஷூரன்ஸ் கம்பெனி. அதன் ஆள் பளபளவென்று தலை வாரிக்கொண்டு வந்தார். பக்கத்தில் நின்று நான் கேட்டது இது:

"உங்களுக்கு என்ன தேவை, நோரீன்? மனசு விட்டுச் சொல்லுங்க."

"கேஸ் பில்லு கட்டணும்."

"அடடா. கேஸ் பில்லுக்கெல்லாம் குடுக்க எங்க விதியில இடமில்லையே. வேற ஏதாவது... கண்ணுக்குத் தெரியுற மாதிரி?"

"சமையல்காரிக்குச் சம்பளம்?"

"சம்பளமும் கண்ணுக்குத் தெரியாதே."

"அவ தெரிவாளே! நல்லா அகலமாத்தானே இருக்கா."

"எனக்குக் கேட்டுச்சு நோரீன்!" என்று சமையலறையிலிருந்து குரல் வந்தது.

அந்த ஆள் சிரித்துவிட்டு விஷயத்துக்கு வந்தார். அவர்கள் ஆபீஸ்காரர்களுக்கு வருடத்தில் ஒருநாள் ஊருக்கு உழைக்கும் நாள். நாற்பது பேர் வருவார்கள். ஏதாவது பெயின்ட் அடிக்கக் கிடைக்குமா? அடித்து முடித்ததும் ஒரு நன்கொடையும் உண்டு, கதவளவு அட்டையில் காசோலை செய்து போட்டோ எடுப்பார்கள்.

நோரீன் சுற்றிப் பார்த்தார். ஹாலுக்குப் பின்னால் ஒரு மரவேலி இருந்தது. அந்தப் பக்கம் குப்பைத்தொட்டிகள், இந்தப் பக்கம் தொட்டால் அரிக்கிற நெட்டில் செடி. யாரும் அதைத் திரும்பிப் பார்த்ததில்லை.

"அந்த வேலி இருக்கே" என்றார் நோரீன். "இருபது வருஷமா அதை யாரும் தொடல, கண்ணு. பாவமா இருக்கு பாக்க."

நீலம் அடித்தார்கள். நன்றாகத்தான் இருந்தது.

இரண்டு மாதத்தில் ஒரு வங்கி வந்தது. அவர்களுக்கும் பெயின்ட்தான் வேண்டும். வேலியைத் தவிர எங்களிடம் பூசுவதற்கு ஒன்றுமில்லை. நோரீன் வேலியைப் பார்த்தார், வங்கிக்காரியைப் பார்த்தார், முகத்தை இழுத்து வைத்துக்கொண்டார்.

"இருபது வருஷமா யாரும் தொடல, கண்ணு."

நீலம் இன்னும் நெடி போகாமல் இருந்தது! வங்கிக்காரி மூக்கை உறிஞ்சிவிட்டுத் தலையாட்டினாள். மறுவாரம் வேலி பச்சை ஆனது.

அதன்பிறகு நிற்கவே இல்லை. செல்போன் கம்பெனி வந்து ஊதா அடித்தது. பிஸ்கட் ஃபாக்டரி மஞ்சள். வக்கீல் ஆபீஸ்காரர்கள் மழையில் குடைபிடித்துக்கொண்டு சாம்பல் நிறம் அடித்தார்கள், வக்கீல்கள் அல்லவா. அவரவர் கம்பெனி நிறத்தில் அவரவர் டீ-ஷர்ட், முதுகில் 'சேர்ந்து கொடுப்போம்' என்றோ 'நம்ம ஊர், நம்ம கை' என்றோ எழுதியிருக்கும். பிள்ளைகள் அடுத்த நிறம் என்ன என்று பந்தயம் கட்டுவார்கள். "வேலி குண்டாகிட்டே போகுது, என்னை மாதிரி" என்று பர்வீன் சொல்வார். நல்ல கோட்டைப் போட்டுக்கொண்டு, அட்டைக் காசோலையின் ஒரு முனையைப் பிடித்தபடி நோரீன் சிரிக்கிற போட்டோக்கள் ஹால் சுவர் முழுக்க வந்துவிட்டன.

பர்வீனின் சம்பளத்தை மட்டும் எந்தக் கம்பெனியும் கொடுக்கவில்லை. ஒரு அறக்கட்டளை மூன்று வருடத்துக்கு ஒப்புக்கொண்டு கொடுத்து வந்தது. அது போன ஜூனோடு முடிவதாக இருந்தது, முடிகிற தேதிக்கு ஆறு வாரம் முன்னால்வரை எங்களுக்கு வேறு வழி கிடைக்கவில்லை. சமையலறை மூடினால் கோடை விடுமுறையில் அந்தப் பிள்ளைகளுக்குச் சூடான சாப்பாடு கிடையாது. நோரீன் அதை ஒரே வார்த்தையில் சொன்னார்: "சிப்ஸு." வீட்டில் தனியாக டிவி முன்னால் உட்கார்ந்து பாக்கெட் சிப்ஸ்.

அப்போதுதான் கிடங்கு எங்களைத் தேடி வந்தது.

கம்பெனிக்கு நீளமான ஒரு பெயர் உண்டு, ஊரில் யாரும் அதைச் சொல்வதில்லை. பைபாஸ் ஓரம் கால்பந்து மைதானங்கள் பலவற்றை ஒன்றாகக் கூரை போட்டு மூடியதுபோல நிற்கும், அதனால் கிடங்கு. ஊரில் வேலை என்றாலே அதுதான். அவர்கள் வருடா வருடம் ஒரு தர்ம காரியத்தைத் தேர்ந்தெடுத்து வருடம் முழுக்கப் பணம் கொடுப்பார்கள். தேர்ந்தெடுப்பது முதலாளி இல்லை, தொழிலாளிகள். எல்லோரும் ஓட்டுப் போடுவார்கள். இந்தத் தடவை போட்டியில் மூன்று: ஆஸ்பத்திரிக்கு ஒரு கருவி, நாய்கள் காப்பகம், எங்கள் கிளப். ஜெயித்தால் சம்பளத்துக்குக்கூடப் பணம் தரலாமாம்.

இதைச் சொல்ல லண்டன் ஆபீஸிலிருந்து இமோஜன் என்கிற பெண் வந்தாள். தர்மப் பிரிவுக்கு அவள்தான் தலைமை. பேசும்போது ஒவ்வொரு வாக்கியமும் முடிகிற இடத்தில் குரல் மாடிப்படி ஏறும், எதைச் சொன்னாலும் கேள்வி மாதிரி.

"ஒரு சின்ன வீடியோ எடுப்போமா? மனசைத் தொடுற மாதிரி? பசங்க சாப்பிடுறதை? ஏன்னா, நோரீன், நாய்ங்களோட போட்டி போடுறது ரொம்பக் கஷ்டம்?"

"நாய்ங்களோடயா? பசங்க இருக்கும்போதா?"

"மூணு கால் நாய் ஒண்ணு வெச்சிருக்காங்க? பேரு வாஃபிள்?"

நோரீன் வாயைப் பிளந்தபடி என்னைப் பார்த்தார். பிறகு வீடியோவுக்குச் சரி என்றார். கிளப்பில் பிள்ளைகளைச் சேர்க்கும்போதே போட்டோ எடுக்கலாம் என்று எல்லா அம்மா அப்பாக்களும் சம்மதம் சொல்லியிருந்தார்கள், அது போதும் என்று நினைத்துவிட்டார். இரண்டு நாளில் ஒரு கேமராக்காரர் வந்து எடுத்துக்கொண்டு போனார்.

மறுவாரம் கிடங்கிலிருந்து முப்பது பேர் ஆரஞ்சு டீ-ஷர்ட்டில் வந்து இறங்கினார்கள். கூடவே மேனேஜர் டங்கன், வாட்டசாட்டமான மனிதர், அன்றைக்கென்று வெள்ளைக் கால்சட்டை போட்டிருந்தார். வந்தவர்களில் கெய்லியும் இருந்தாள். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவள், அவள் மகன் ரீஸ் எங்களிடம் தினமும் சாப்பிடுகிற பையன். நான் கையாட்டினேன். அவள் என்னை அதற்குமுன் பார்த்ததே இல்லை என்பதுபோல பிரஷ்ஷைப் பெயின்டில் முக்கினாள்.

நோரீன் டங்கனிடம் போனார். வழக்கமான முகம், வழக்கமான குரல்.

"இருபது வருஷமா யாரும் தொடல, கண்ணு."

டங்கன் ஏதோ யோசித்தார். "இதை எங்கயோ கேட்ட மாதிரி இருக்கே" என்றார். பிறகு குனிந்து வேலையில் இறங்கிவிட்டார்.

மதியத்துக்குள் வேலி ஆரஞ்சு ஆனது. இமோஜன் கேமராவோடு எல்லோரையும் வரிசையாக நிறுத்தினாள். "எல்லாரும் ஒரு கையை வேலி மேல வைங்க? நாம தாங்கிப் பிடிக்கிற மாதிரி? டங்கன், நீங்க நடுவுல நல்லா சாஞ்சுக்கங்க?"

டங்கன் நன்றாகச் சாய்ந்தார்.

முதலில் சத்தம்தான் வந்தது, மரம் முனகுகிற சத்தம். கம்பங்கள் அடியில் உளுத்துப்போய் எத்தனையோ காலம் ஆகியிருக்கிறது, அந்த வேலியைப் பிடித்துக்கொண்டிருந்தது பெயின்ட்தான் என்று அந்த விநாடியில்தான் எங்களுக்குப் புரிந்தது. ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை வேலி மொத்தமாக, ஒரு கதவு திறப்பதுபோல மெதுவாகப் பின்னால் சாய்ந்தது. அதன்மேல் டங்கன். அவருக்குப் பின்னால் குப்பைத்தொட்டிகள்.

பர்வீன் கரண்டியோடு வாசலில் வந்து நின்றார். கையில் கேமராவை உயர்த்திப் பிடித்தபடி இமோஜன் சிலையாகிவிட்டாள்.

டங்கன் எழுந்தார். முதுகெல்லாம் ஆரஞ்சு, கால்சட்டையைப் பற்றிச் சொல்வதற்கில்லை. கையில் உடைந்த பலகைத் துண்டு ஒன்று. அதன் முறிந்த பக்கத்தைப் பார்த்தார். ப்ளாக்பூலில் விற்கிற மிட்டாய்த் தடியை உடைத்தால் உள்ளே வரிவரியாக இருக்குமே, அப்படி: ஆரஞ்சு, சாம்பல், மஞ்சள், ஊதா, பச்சை, நீலம், இடையில் நாங்களே மறந்துபோன சில நிறங்கள்.

"மிஸஸ் ஹார்கர்" என்றார் மெதுவாக. "இந்த ஊதா."

நோரீனின் முகத்தில் ரத்தமே இல்லை.

"இது செல்போன் கம்பெனி ஊதா. நான் இங்க வர்றதுக்கு முன்னாடி அங்கதான் வேலை பார்த்தேன். இதை அடிச்சது நான். கை கொப்பளிச்சுப்போச்சு எனக்கு! அன்னிக்கும் நீங்க இதேதான் சொன்னீங்க. இருபது வருஷமா யாரும் தொடலன்னு!"

"சொன்னேன், ராசா."

"நான் வீட்டுல போய் என் பொண்டாட்டிகிட்ட சொன்னேன், இன்னிக்கு ஒரு நல்ல காரியம் பண்ணினேன்னு!"

"நல்ல காரியம்தான். நீங்க வந்து பூசினதால அந்த மாசம் கேஸ் வந்துச்சு. உங்க ஆளுங்களுக்குப் பூசணும், எனக்குக் கேஸ் வேணும். நான் வேற என்ன பண்ணட்டும்? பொய்தான், மன்னிச்சிடுங்க."

போச்சு என்று நினைத்தேன். சமையலறை, பர்வீன், கோடை, எல்லாம் அந்த வேலியோடு குப்பைத்தொட்டிகள்மேல் கிடக்கிறது என்று நினைத்தேன். டங்கனின் தோள்கள் குலுங்க ஆரம்பித்தன. எங்களுக்கு முதலில் புரியவில்லை. அவர் சிரித்துக்கொண்டிருந்தார். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். அதைப் பார்த்து முப்பது பேரும் சிரித்தார்கள், புல்மேல் உட்கார்ந்து சிரித்தார்கள். ஒருவன், "பாஸ், அடுத்த கம்பெனி மாறும்போது சொல்லுங்க, மறுபடி அடிக்கலாம்" என்றான். கெய்லிகூட அடக்க முடியாமல் சிரித்தாள். பிறகு பர்வீன் எல்லோருக்கும் சாப்பாடு போட்டார், டங்கன் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார்.

அன்று சாயங்காலம் எங்களுக்குச் சந்தேகமே இல்லை. இப்படி ஒருநாள் எந்தத் தர்மத்திலாவது அவர்களுக்குக் கிடைத்திருக்குமா? "ஜெயிச்சாச்சு" என்றார் பர்வீன். "மேனேஜரை விழவெச்ச வேலிக்கு எந்தத் தொழிலாளி ஓட்டுப் போடமாட்டான்?"

அந்த வெள்ளிக்கிழமை இமோஜன் போன் பண்ணினாள். நோரீன் எல்லோருக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டார்.

"நோரீன்? ரொம்ப வருத்தமா இருக்கு?"

வாஃபிள் ஜெயித்துவிட்டது. கொஞ்சநஞ்சம் இல்லை, பெரிய வித்தியாசத்தில். ஆஸ்பத்திரி இரண்டாவது. நாங்கள் கடைசி.

பர்வீன் ஏப்ரனை அவிழ்த்து மடித்து மேஜைமேல் வைத்தார். நோரீன் போனைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார்.

அப்போது கெய்லி உள்ளே வந்தாள். அன்று அவளுக்கு விடுமுறை, ரீஸைக் கூட்டிப்போக வந்திருந்தாள்.

"கேட்டியா கண்ணு?" என்றார் நோரீன். "நாய் ஜெயிச்சுடுச்சாம். பசங்களை விட்டுட்டு நாய்க்கு ஓட்டுப் போட எவளுக்கு மனசு வரும்?"

"எனக்கு" என்றாள் கெய்லி.

நோரீன் நிமிர்ந்தார்.

"நான் நாய்க்குத்தான் போட்டேன். எங்க லைன்ல எல்லாரையும் போடச் சொன்னதும் நான்தான். இங்க சாப்பிடுற பசங்களோட அம்மா அப்பா ஒருத்தர் விடாம நாய்க்குத்தான் போட்டாங்க."

அறையில் பில்லியர்ட்ஸ் ஆடிக்கொண்டிருந்த பிள்ளைகள்கூட நிறுத்திவிட்டார்கள்.

"ஏன்டி?" என்றார் நோரீன். அது அவர் குரல் மாதிரியே இல்லை.

"நீ அந்த வீடியோவைப் பார்த்தியா?"

"பார்த்தேன். அழுதேன். நல்லாத்தானே இருந்துச்சு?"

"எங்க கேண்டீன் டிவியில அது காலையிலேருந்து ராத்திரி வரைக்கும் ஓடுது, நோரீன். என் புள்ள ரொட்டித் துண்டால தட்டைத் துடைச்சுச் சாப்பிடுறான். அவன் மூஞ்சி அவ்ளோ பெருசா. கீழ எழுதியிருக்கு, 'ரீஸுக்கு இன்று கிடைக்கும் ஒரே சூடான உணவு'ன்னு. ஒரே சூடான உணவா? காலையில அவனுக்கு முட்டை யாரு போட்டா, வாஃபிளா? நான் அங்க நின்னு சாண்ட்விச் தின்னுட்டிருக்கேன், பக்கத்துல ஒருத்தன், ஐயோ பாவம் யாரு பெத்த புள்ளையோங்குறான். நான் பெத்ததுடான்னு சொல்றதா? ஜெயிச்சா வருஷம் பூரா அந்தப் படம் ஓடும். சுவர் பூரா போஸ்டர் ஒட்டுவாங்க. நாய்க்கு வெக்கம் கிடையாது, போட்டுக்கட்டும் அதுக்கு."

"நீயே சம்மதம் சொன்னியே கண்ணு, போட்டோ எடுக்கலாம்னு..."

"அது அவனுக்கு ஆறு வயசுல! ட்ராம்போலின்ல குதிக்கிறதை எடுக்குறதுக்கு!"

ரீஸ் கோட்டு மாட்டிக்கொண்டு அம்மா பக்கத்தில் வந்து நின்றான். "அந்தக் கேமராக்கார ஆளு இன்னொரு தடவை துடைன்னு சொன்னான்மா" என்றான். "எனக்கு வயிறு முட்டிப்போச்சு. நாலு தடவை துடைச்சேன்."

கெய்லி அவனைக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். நோரீன் தன்னுடைய போட்டோக்கள் மாட்டிய சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். பர்வீன் டீ போட்டுக் கொண்டுவந்து வைத்தார், அது ஆறிப்போனது.

மறுநாள் மதியம் நோரீன் நல்ல கோட்டைப் போட்டுக்கொள்ளவில்லை. பழைய பஸ் டிரைவர் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு, "வண்டியை எடு" என்றார். கிளப் மினிபஸ்ஸில் கிடங்குக்குப் போனோம். வாசலில் செக்யூரிட்டி பையன் எங்கள் கிளப்பில் வளர்ந்தவன். அட்டை காட்டச் சொல்ல வேண்டியவன், நோரீனின் முகத்தைப் பார்த்துவிட்டுக் கதவைத் திறந்துவிட்டான்.

கேண்டீனில் ஷிஃப்ட் மாறும் நேரம். ஓட்டு முடிந்தும் சுவர் டிவியில் ரீஸ் இன்னும் தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தான். நோரீன் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். அறுபத்திரண்டு வயது, முட்டி வலி, ஏறி நின்றார். டிவிக்குப் பின்னால் கையை விட்டு ப்ளக்கைப் பிடுங்கினார். திரை கறுத்தது. கேண்டீனில் இருந்த அத்தனை பேரும் திரும்பினார்கள். நான் எங்கே ஒளிவது என்று பார்த்தேன்.

டங்கன் ஓடிவந்தார். "என்ன பண்றீங்க, மிஸஸ் ஹார்கர்? முதல்ல இறங்குங்க, விழுந்துடப்போறீங்க!"

"விழறதைப் பத்தி நீங்க எனக்குச் சொல்லாதீங்க. இந்தப் படம் இனிமே ஓடக்கூடாது. நான் பணம் கேட்டு வரல. நாய்க்கே குடுங்க, நல்லா இருக்கட்டும். பசங்க மூஞ்சியை நான் குடுத்திருக்கக்கூடாது. குடுத்துட்டேன். திருப்பி வாங்க வந்திருக்கேன்."

டங்கன் கறுத்த திரையைப் பார்த்தார், பிறகு சுற்றி நின்றவர்களைப் பார்த்தார். சிலர் தலையைக் குனிந்துகொண்டார்கள். அவருக்கு மெதுவாக உறைத்தது, அது அவர் முகத்தில் தெரிந்தது.

"நம்ம ஆளுங்க பசங்களா?" என்றார் தாழ்ந்த குரலில். "அந்தப் படத்துல இருக்கிறது... நம்ம ஆளுங்க பசங்களா?"

"வேற யாரு பசங்கன்னு நெனச்சீங்க? இந்த ஊர்ல வேற என்ன வேலை இருக்கு?"

அவர் அப்படியே பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "லண்டனுக்குச் சொல்லிடுறேன். இன்னிக்கே எடுத்துடுவாங்க" என்றார்.

நோரீன் இறங்கினார். இறங்கும்போதுதான் கேண்டீனைச் சரியாகப் பார்த்தார். பரிமாறும் ஜன்னல் மூடியிருந்தது. இரண்டு மணி ஷிஃப்டுக்கு வந்தவர்கள் ஒரு மெஷினுக்கு முன்னால் வரிசையில் நின்றார்கள். ஆளுக்கொரு பாக்கெட்.

"இவங்க ராத்திரி என்ன சாப்பிடுவாங்க?"

"சமையல்காரங்க ரெண்டு மணிக்கே கிளம்பிடுறாங்க. சாயங்காலத்துக்கு ஆள் போட ரெண்டு வருஷமா தேடுறேன். இவ்ளோ தூரம் வர யாரும் ஒத்துக்க மாட்டேங்குறாங்க."

"அப்போ சிப்ஸா?"

"சிப்ஸ்தான்."

நோரீன் மறுபடி அந்த வரிசையைப் பார்த்தார். "என்கிட்ட ஒரு சமையல்காரி இருக்கா" என்றார். "நீங்க ரெண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டீங்களே, அவதான். ஜூனுக்கப்புறம் அவளுக்கு வேலை கிடையாது. தினம் சாயங்காலம் மினிபஸ்ஸுல சூடா கொண்டுவர்றோம். இலவசமா இல்ல. வாங்குங்க. அவ சம்பளமும் கேஸும் அதுல வந்துடணும். அதே சட்டியில எங்க பசங்களும் சாப்பிடுவாங்க, அது உங்களுக்குத் தேவையில்லாத விஷயம்."

"சரி" என்றார் டங்கன்.

"என்ன சரி?"

"சரி, கொண்டுவாங்க. அடுத்த வாரமே ஆரம்பிச்சாலும் நல்லது."

"யாரைக் கேக்கணும்? லண்டனா? ஓட்டா?"

"யாரையும் கேக்க வேண்டாம். தர்மம்னாத்தான் அதெல்லாம். தர்மம்னா மூணு கமிட்டி, வீடியோ, ஓட்டு. சாப்பாடு வாங்கறதுக்கு நானே கையெழுத்துப் போட்டுடலாம்."

நோரீனைப் பார்க்கப் பயமாக இருந்தது. வேலி விழுந்தபோதுகூட அவர் இப்படி நிற்கவில்லை. "அப்போ இத்தனை வருஷமா..." என்று ஆரம்பித்தார். "மழையில நின்னேனே. அந்த அட்டையைப் பிடிச்சுக்கிட்டுப் பல்லைக் காட்டினேனே. நேரா வந்து, இந்தாப்பா, சாப்பாடு இருக்கு, வாங்குறியான்னு கேட்டிருந்தா?"

"கேட்டிருந்தா வாங்கியிருப்பேன்" என்றார் டங்கன். "யாரும் கேக்கலையே."

வண்டியில் திரும்பும்போது, ஆலையைத் தாண்டியதும் நோரீன் டேஷ்போர்டில் ஒரு தட்டு தட்டினார். அவ்வளவுதான்.

ஜூன் முடிவதற்குள் தொடங்கிவிட்டது. பர்வீனுக்கு உதவிக்கு ஓர் ஆள்கூடப் போட்டோம். அஞ்சு மணிக்கு ஹாலில் பிள்ளைகளுக்குப் பரிமாறிவிட்டு, மீதிச் சட்டிகளைக் கம்பளியில் சுற்றி மினிபஸ்ஸில் ஏற்றுவோம். நோரீன்தான் ஓட்டுவார், வேறு யாரையும் விடமாட்டார். அட்டைக் காசோலை கிடையாது, கேமரா கிடையாது. மாதக் கடைசியில் பில் அனுப்புவோம், பணம் வரும். அதுவே எங்களுக்கு ஏதோ தப்புச் செய்வதுபோல இருந்தது.

முதல் வாரத்தில் ஒருநாள் கேண்டீனில் சட்டிகளை இறக்கிக்கொண்டிருந்தோம். சாஸேஜும் மசித்த உருளைக்கிழங்கும். கெய்லி தன் பிரேக்கில் வந்து தட்டை வாங்கிக்கொண்டு உட்கார்ந்தாள். அன்றைய பேச்சுக்குப் பிறகு நோரீனும் அவளும் நேருக்கு நேர் பேசிக்கொள்ளவில்லை. ரீஸ் மட்டும் ஒருநாளும் தவறாமல் வந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான். நோரீன் சட்டியைத் துடைக்கிற மாதிரி ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே இருந்தார்.

கெய்லி இரண்டு வாய் சாப்பிட்டாள். ஃபோர்க்கைக் கீழே வைத்தாள். தட்டைத் தூக்கிக்கொண்டு எழுந்து வந்தாள். கேண்டீன் மொத்தமும் கேட்கிற மாதிரி:

"நோரீன்! க்ரேவி ஆறிப்போச்சு. காசு குடுத்துச் சாப்பிடுறோம், சூடா கொண்டுவர முடியாதா?"

நோரீன் தட்டை வாங்கிக்கொண்டார். அதைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். முகமெல்லாம் மலர்ந்து, என் பக்கம் திரும்பினார்.

"கேட்டியா அவ வாயை?" என்றார், இரண்டு கையாலும் அந்தத் தட்டைப் பிடித்துக்கொண்டு. "காசு குடுத்தவளாச்சே, குறை சொல்றாடா! போ, போய்ச் சுட வெச்சு எடுத்துட்டு வா. ஓடு!"